பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஊர்

கத்திரி தொடங்கி ஐந்தாவது நாள். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவுக்காகத்தான் அந்த ஏசியை வாங்கியிருந்தோம். காலையில் நன்றாக ஓடும். மதியம் இரண்டு மணி ஆனால் காற்று மட்டும் வரும், குளிர் வராது. ரிமோட்டில் 24 இருக்கும். சுவரில் தொங்கும் வெப்பமானியில் 31 இருக்கும். வெயில் தாழ்ந்ததும் தானாகவே சரியாகிவிடும். அதற்குள் அம்மாவின் முதுகுத் துணி நனைந்திருக்கும்.

முதலில் வந்த மெக்கானிக் உள்ளே இருக்கும் ஃபில்டரைக் கழட்டிக் கழுவினார். "கேஸ் கம்மியா இருக்குங்க சார்" என்றார். நிரப்பினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு கம்ப்ரசரே நின்றுவிட்டது.

இரண்டாவதாக வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். அவர் அறைக்குள் வரவே இல்லை. நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். அவுட்டோர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சாண் அகல இடுக்கில் செல்போன் வெளிச்சத்தை விட்டு எட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏங்க சார், இதோட முதுகை என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. நான்கு வருடமாகப் பெட்டியின் முன்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டமான கம்பிவலை, அதற்குள் சுழலும் விசிறி, மேலே கொஞ்சம் மண்தூசி. பார்வைக்குச் சுத்தமான பெட்டி. அவர் விரலை முதுகுப்பக்கம் விட்டு ஓரத்தில் பிடித்து மெல்ல இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை உரிந்து வந்தது. தறிப் பஞ்சு. தெருவில் ஓடும் பவர்லூம்கள் நான்கு வருடமாகப் பறக்கவிட்ட நூல்தூசி முழுவதும் அந்தப் பெட்டியின் முதுகில் படிந்து, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, கம்பளி போலத் திரண்டிருந்தது.

அந்தப் போர்வையைக் கையில் வாங்கிப் பார்த்த நாளிலிருந்து சேலம், நாமக்கல் பக்கம் எங்கு போனாலும் சுவர்களில் தொங்கும் அவுட்டோர்களின் முதுகை எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஊர்ப் பெட்டியின் முதுகிலும் அந்தந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அழுக்கு ஏன் முதுகில் சேர்கிறது? வீட்டுக்குள் இருக்கும் பெட்டி அறையின் சூட்டை உறிஞ்சி வெளியே அனுப்புகிறது. அந்தச் சூட்டைக் காற்றில் கொட்டுவது அவுட்டோரின் வேலை. அதன் முதுகிலும் ஒரு பக்கவாட்டிலும் வளைத்து வைத்திருக்கும் செம்பு அல்லது அலுமினியக் குழாய்ச் சுருள்தான் கண்டென்சர். மெக்கானிக்குகள் காயில் என்பார்கள். குழாயைச் சுற்றிப் பிளேடு போல மெல்லிய அலுமினியத் தகடுகள், தலைமுடிச் சீப்பின் பல் போல வரிசையாக நிற்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. விசிறி முன்பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தக் காற்றை அது முதுகுப்பக்கத்திலிருந்து, தகடுகளின் நடுவே புகுத்தி இழுத்து வருகிறது. ஊரின் தூசி முழுவதையும் வடிகட்டும் சல்லடை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அந்த டன் ஐஸ் கட்டியின் கணக்கு. 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை உள்ளிழுக்குமோ அது ஒரு டன். ஒன்றரை டன் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 1,360 கிலோ ஐஸ் உருகும் அளவுச் சூடு. அதோடு கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் சூடாகிச் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் சந்துகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். வெளியே 42 டிகிரி இருந்தால், காயிலுக்குள் ஓடும் கேஸ் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரியாவது சூடாக இருந்தால்தான் காற்றிடம் சூட்டைக் கொடுக்க முடியும். ஏசியின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் திறன், வெளியே 35 டிகிரி என்று வைத்து அளந்தது. சேலத்திலும் நாமக்கல்லிலும் சித்திரை, வைகாசி மதியங்கள் 40ஐச் சாதாரணமாகத் தொடுகின்றன. மேற்குச் சுவரிலோ மொட்டை மாடித் தளத்திலோ பெட்டி இழுக்கும் காற்று அதைவிடவும் சூடு. அதன்மேல் பஞ்சுப் போர்வையும் சேர்ந்தால் கேஸ் இன்னும் இன்னும் சூடாக வேண்டும், அழுத்தம் ஏற வேண்டும், கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுக்க வேண்டும். காயிலின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் ஏறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த மனக்கணக்கு. ஒரு கட்டத்தில் கம்ப்ரசரின் பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்திவிடும். எங்கள் வீட்டில் மதியம் மூன்று மணிக்கு நடந்தது இதுதான். முதல் மெக்கானிக் ஏற்றிய கேஸ், ஏற்கெனவே ஏறியிருந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றியிருக்கிறது.

இந்தக் 'கேஸ் கம்மி' என்ற வார்த்தையைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஏசி கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் அது திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூலி கேட்பது போன்றது. உண்மையிலேயே குறைந்திருந்தால் அடையாளம் உண்டு: பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் குழாயில் பனி படியும், ஃபிளேர் நட் பொருத்தும் இடத்தில் எண்ணெய்க் கசிவு தெரியும், கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பெயர்ப்பலகையில் போட்டிருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். காயில் அடைத்திருந்தால் ஆம்பியர் அதற்கு நேர்மாறாக ஏறும். ஒரே குறை, 'குளிரவில்லை', காரணங்கள் எதிரெதிர். மீட்டரைக் கையில் எடுக்காமல் சிலிண்டரைத் தூக்குகிறவரிடம், முதலில் பின்பக்கத்தைக் கழுவச் சொல்லுங்கள். காயிலைக் கழுவாமல் பார்க்கும் அழுத்தம் பொய்தான் சொல்லும்.

ஆனால் கழுவுவதும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இல்லை.

குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, இந்தப் பக்கம் இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி. தறி ஓடும் ஊர்கள். இங்கே தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு நேராகப் போகவே கூடாது. காய்ந்த பஞ்சில் தண்ணீர் பட்டால் அது கூழாகித் தகடுகளின் நடுவே இறங்கி உட்கார்ந்துவிடும். அதுவரை கையால் உரிக்க வந்ததும் பிறகு வராது. முதலில் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக வழித்தெடுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடுகள் படுத்துவிடும். பிறகு ப்ளோயரால் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். கடைசியில்தான் தண்ணீர். தறி ஓடும் மாதங்களில் மாதம் ஒருமுறை பிரஷ் போடுவதை வீட்டுக்காரரே செய்யலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேல்மூடியைத் திறக்காமல்.

நூலுக்கும் ஏசிக்கும் ஒரு பழைய உறவும் இருக்கிறது. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக முதல் நவீனக் குளிர்சாதன ஏற்பாட்டை வடிவமைத்தார். ஈரப்பதத்தில் காகிதம் நெளிந்து நிறங்கள் விலகிப் பதிந்ததுதான் அங்கே பிரச்சினை. ஆனால் 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க ஜவுளிப் பொறியாளர். பஞ்சாலையில் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் ஈரத்தைச் சேர்க்கும் வேலைக்கு அவர் வைத்த பெயர் அது. நூலுக்காகப் பெயர் பெற்ற இயந்திரம், நூற்றுச்சொச்சம் ஆண்டுகள் கழித்து, நெசவு ஊர்களில் நூல்தூசியால் மூச்சுத் திணறுகிறது.

ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் வேறு கதை. மரவள்ளிக் கிழங்கு நாடு. ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் வெயிலில் காயும் மாவு, வாகனம் போகும்போதெல்லாம் எழுந்து பறக்கும். சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு மூட்டை மூட்டையாக வந்துசேரும் அந்த வெள்ளை மாவின் ஒரு பங்கு ஆலை அலுவலகங்களின் காயிலிலும் படிகிறது. பார்க்க மண்தூசி போலத்தான் இருக்கும். இரவுப் பனியில் நனைந்து பகல் சூட்டில் காய்ந்தால் பசை போல இறுகிவிடும். கருப்பூர்ப் பக்கம் மக்னசைட் கனிமத்தின் வெள்ளைத்தூள். கல்குவாரிகளும் எம்-சாண்ட் கிரஷர்களும் இருக்கும் இடங்களில் அரம் போன்ற மண். இந்தத் தூளும் மண்ணும் தண்ணீரில் போய்விடும்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தூசி மட்டும் பிரச்சினை இல்லை. இறகும் தீவனப் பொடியும் காயிலை அடைக்கும், சரி. கண்ணுக்குத் தெரியாத எதிரி எச்சத்திலிருந்து எழும் அமோனியா. ஈரத்தோடு சேர்ந்தால் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அமோனியாவையே கேஸாகப் பயன்படுத்தும் ஐஸ் ஆலைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் செம்புக் குழாயே வைப்பதில்லை. இரும்புக் குழாய்தான் ஓடும். நம் வீட்டு ஏசியிலோ குழாய் செம்பு, நட்டு பித்தளை. பண்ணை அலுவலகத்துக்கும் முட்டை வைக்கும் அறைக்கும் பொருத்தும் அவுட்டோரைக் கோழிக் கொட்டகைக்குக் காற்று வரும் திசையில் வைக்க வேண்டும், காற்று போகும் திசையில் வைக்கக் கூடாது. பொருத்தும் அன்று அரை மணி நேரம் யோசித்தால் போதும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பண்ணையாளர்களுக்காகக் காற்று எந்தத் திசையிலிருந்து எந்த வேகத்தில் வீசும் என்று வானிலை அறிவிப்பு தருகிற ஊர் இது. கோழிக்காகக் காற்றைக் கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

நாமக்கல் என்றதும் லாரியை விட்டுவிட முடியாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. என்ஜின் சூட்டோடு சூடாக உட்கார்ந்து நாட்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இது என்றோ வந்திருக்க வேண்டியது. வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்குக் கேபினும் பாடியும் கட்டி அனுப்பும் பட்டறைகள் நிறைந்த ஊர் நாமக்கல். இனி அந்தப் பட்டறைக்காரர்களுக்கும் கண்டென்சரின் இயல்பு தெரிந்தாக வேண்டும். லாரியில் அது வழக்கமாக ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். ராத்திரி ஓட்டத்தில் பூச்சி அடைக்கும். வைக்கோல் ஏற்றும் ஊரில் வைக்கோல் அடைக்கும். கண்டென்சர் அடைத்தால் ரேடியேட்டருக்கும் காற்று போகாது, என்ஜினும் சேர்ந்து கொதிக்கும்.

இனி தண்ணீர். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு: மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் நல்ல தண்ணி, போர்வெல்லில் ஏறுவது உப்புத் தண்ணி. ஏசி கழுவ வருகிறவர் மாடித் தொட்டியில் இருக்கும் உப்புத் தண்ணியைத்தான் குழாயில் பிடிப்பார். காயில் சூடாக இருக்கும்போது அது பட்டால் குளியலறை ஷவரில் படிவது போன்ற வெள்ளைப் பொருக்கு தகடுகளில் படியும். நாலைந்து முறை கழுவினால் கழுவலே அடைப்பாகிவிடும். கோடையில் சிலர் குளிர்ச்சிக்காக அவுட்டோரின் முதுகில் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், சொட்டுநீர்க் குழாய் விடுகிறார்கள். சாக்கு காற்றை மறிக்கும். போர்த் தண்ணீராக இருந்தால் உப்பு ஏறும். குளிர வைக்க வேண்டும் என்றால் பெட்டிக்கு மேலே மூன்றடி உயரத்தில் ஒரு கீற்றுப் பந்தல் போடுங்கள். நிழல் கிடைக்கும், காற்றும் தடைபடாது.

கழுவும்போது குறைந்தபட்சம் கடைசி இரண்டு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஏசி ஓடும்போது உள் யூனிட்டிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு உப்பே கிடையாது. காற்றின் ஈரம்தான் அது. எங்கள் வீட்டில் அதைக் கேனில் சேர்த்து வைத்துக் கடைசி அலசலுக்குக் கொடுக்கிறோம். கார் கழுவும் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்துச் சாய்வாக அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைந்துபோகும். தள்ளி நின்று நேராக, மெதுவாக. முடிந்தால் மூடியைக் கழட்டி, மின்பலகையை பாலித்தீனால் மூடிவிட்டு, உள்ளிருந்து வெளியே. அழுக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்.

மூடியைத் திறக்கும் வேலை மெக்கானிக்கினுடையது. மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்; தொட்டால் தூக்கி வீசும். இன்வெர்ட்டர் ஏசியின் மின்பலகையில் சாயங்காலப் பூச்சிக்கு வரும் பல்லி புகுந்து கருகுவது அடிக்கடி நடக்கிறது. எறும்புக் கூடும் அப்படித்தான். கம்பி நுழையும் ஓட்டையைச் சின்ன நுரையாலோ எம்-சீலாலோ அடைத்துவிடச் சொல்லுங்கள். கிராமத்து ஃபீடர்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு வோல்டேஜ் இறங்கும். அப்போது கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகும். அந்தச் சத்தம் கேட்டால் அணைத்துவிட வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துபோகும்.

வேலை செய்கிறவரின் உயிரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மூன்றாவது மாடிச் சுவரில் இரண்டு இரும்புத் தாங்கியில் ஏசியை மாட்டிவிட்டோம். அதைக் கழுவ ஒருவர் ஜன்னல் சன்ஷேடில் ஒரு காலும் தாங்கியில் ஒரு காலுமாக நிற்கிறார். துருப்பிடித்த தாங்கி அவருடைய எடையையும் சேர்த்துத் தாங்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறார். இடுப்பில் பெல்ட் கிடையாது. கசிவு பார்க்க நைட்ரஜன் அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில், வெல்டிங்குக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரையே திறந்துவிடுகிறவர்கள் உண்டு. கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். இப்போது வரும் புதிய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. பழைய ஆர்-22 போல அது தீப்பிடிக்காத கேஸ் அல்ல. ஓசோனைத் தின்னும் ஆர்-22ஐ 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் நம் நாடு 2030க்குள் விலக்கி வருகிறது. கேஸ் மாறிவிட்டது, அதைத் தொடும் கைகளுக்குப் பயிற்சி முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. ஐடிஐயில் இதற்கு இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. ஆனால் நம் தெருவுக்கு வருகிறவர் பெரும்பாலும் அண்ணன் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. நானூறு ரூபாய்க்குச் சர்வீஸ் கேட்கும் நாம், அந்த நானூறில் பெல்ட்டையும் நைட்ரஜனையும் எதிர்பார்க்க முடியாது.

நம் ஊர் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அல்ல, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறும். அழுக்குக் காயில் இழுக்கும் உபரி யூனிட்டுகள் பல வீடுகளைச் சத்தமில்லாமல் அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளுகின்றன. ஒழுங்கான சர்வீஸுக்குக் கேட்கும் கூடுதல் பணம் அங்கேயே திரும்பிவிடும்.

எப்போது செய்யலாம்? பங்குனி பிறந்த பிறகு மெக்கானிக் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் அவருக்கு அன்று பத்து வீடு இருக்கும். மாசியில் கூப்பிடுங்கள். ஆடிக் காற்று புழுதியை வாரியடித்து ஓய்ந்த பிறகு, ஆவணியில் இன்னொரு முறை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள், வரைபடம் போடும்போதே அவுட்டோருக்கு இடம் வையுங்கள்: ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் அளவு மேடை, கைப்பிடிச் சுவர், சுவருக்கும் பெட்டி முதுகுக்கும் நடுவே கை நுழையும் சந்து, அருகே நல்ல தண்ணீர்க் குழாய். பூஜை அறைக்குக் கொடுக்கும் யோசனையில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அன்று அந்தப் பெரியவர், முதல் மெக்கானிக் ஏற்றியிருந்த கூடுதல் கேஸை மீட்பு சிலிண்டரில் இறக்கி, எடைத் தராசில் வைத்துச் சரியான அளவை மட்டும் திரும்ப விட்டார். சுவரிலிருந்து பெட்டியை ஒன்றேகால் அடி தள்ளி வைத்தார். மதியம் இரண்டரை மணிக்கு ஓடவிட்டபோது என் கையைப் பிடித்து விசிறிக்கு முன்னால் காட்டினார். சூட்டுக்காற்று கையைத் தள்ளியது. "இப்பத்தான் மூச்சு விடுது" என்றார். கீழே இறங்கிப் போனேன். அம்மா போர்வையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.